கித்தேரியின் நிறம்

சிப்பித்துறைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பவளப்பாறையைத் தொட்டால் அதன் நிறம் கையோடு வந்துவிடும். மிதித்தால் காலோடு. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அந்த ஊருக்குக் கிடையாது என்பதால் யாரும் தடுக்கவில்லை. ஊதா உள்ளங்கையும் மஞ்சள் பாதமுமாகச் சந்தோஷமாய் வேனேறிப் போனார்கள். பாறை வெளுத்துக்கொண்டே வந்தது.

வெளுத்த பாறையைப் பார்க்க எவன் வருவான்? அதனால் தெருவுக்குத் தெரு முறை வைத்து, வீட்டு நிறங்களைக் கொண்டுபோய்ப் பாறையில் விட்டார்கள். முதலில் கதவுகளின் பச்சை போனது. அப்புறம் கல்யாணச் சேலைகள், கோயில் கொடி, சேவலின் கொண்டை. கண்ணாடிப் படகு ஓட்டும் பிளவேந்திரனுக்கு மறுபடி முறை வந்தபோது வீட்டில் ஒரு குடத்தில்கூட நிறமில்லை. கித்தேரிதான் மிச்சம்.

கித்தேரி அவன் பெண்டாட்டி. நல்ல கருப்பட்டி நிறம். வீட்டில் பார்த்த பெண்ணை வேண்டாமென்று ஒற்றைக்காலில் நின்று அவளைக் கட்டிக்கொண்டவன் அவன். வேறு வீட்டோடு முறையை மாற்றிக்கொள்ளலாம் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். ஊருக்கு முன்னால் நம் வீடு தலைகுனியவா என்று கேட்டுவிட்டு, விடிந்ததும் அவளே பாறைக்குப் போய் முங்கி எழுந்து வந்தாள்.

அன்று படகின் அடிக்கண்ணாடி வழியே பார்த்தான். மான்கொம்புப் பவளம் முழுக்க அவள் நிறம். கோயம்புத்தூரிலிருந்து வந்த சிதம்பரநாதன் என்பவர் தண்ணீரில் இறங்கினார். நேரே அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிளவேந்திரன்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். அவருடைய இரண்டு பாதங்களும் கருப்பட்டி நிறமாக இருந்தன.

"கழுவுனா போயிருங்களா?" என்று கேட்டார் அவர்.

"போகாது சார். பத்திரமா வச்சிக்கிடுங்க."

வேறென்ன சொல்வான், பாவம்? விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வீட்டுச் சுவரும் வெள்ளை, அவளும் வெள்ளை. குரல் கொடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "இங்கனதான் நிக்கேன்" என்றாள். அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று வெகுநேரம் அழுதான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் பிளவேந்திரன் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிடுகிறான். சிதம்பரநாதன் வீட்டு வாசலில் எப்போதும் கூட்டம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலியில் பாதங்களை நீட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டு நகர்கிறார்கள். பிளவேந்திரன் குனியும்போது அவருடைய மனைவி பக்குவமாகச் சொல்கிறாள்.

"தொடாமப் பாருங்ணா. நிறம் கையோட வந்துரும்."

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறான். பிறகு, அடுத்து நிற்பவருக்கு வழிவிடுகிறான்.