நிகழ்ச்சி முடிந்ததும் வளைவை அகற்ற வேண்டும்

தேன்பாறை மலைச்சாலையில் வருடாவருடம் நடக்கும் கார் ராலியில் முதலாவதாக வருபவர், அந்தச் சாலையிலிருந்து ஒரு கொண்டை ஊசி வளைவை வீட்டுக்கு எடுத்துப் போவார். மொத்தம் இருபத்திரண்டு வளைவுகள் இருந்தன. இருபத்தொன்று போய்விட்டன. மிச்சம் இருப்பது பதின்மூன்றாவது. அந்த எண் ராசியில்லை என்று இத்தனை வருடம் யாரும் அதைத் தொடவில்லை. இந்த வருடம் வேறு வழியில்லை.

அந்தச் சாலையில் நான் பஸ் ஓட்டுகிறேன். பெயர் ஆறுச்சாமி. ஒரு நாளைக்கு நான்கு நடை. அறுபது பேர், அவர்களுடைய வெங்காய மூட்டைகள், கோழிக்கூடைகள், வாந்தி எடுக்கும் ஒரு குழந்தை, இத்தனையும் ஏற்றிக்கொண்டு இருபத்தாறு வருடமாக மழையிலும் பனியிலும் ஏறி இறங்குகிறேன். ஒருவரும் கடிகாரத்தை வைத்து என்னை அளந்ததில்லை. ராலிக்காரர்கள் வருடத்தில் ஒரு நாள், எதிரே ஒரு சைக்கிள்கூட வராதபடி சாலையை மூடிவிட்டு, தலைக்கவசமும் நெருப்புப் பிடிக்காத உடுப்பும் மாட்டிக்கொண்டு ஒருமுறை ஏறுவார்கள். அதற்குப் பெயர் துணிச்சல்.

வளைவு எடுக்கும் வழக்கம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. முதல் வருடம் ராலிக்கு அனுமதி கேட்டவர்கள், அடிவாரத்தில் ஒரு வரவேற்பு வளைவு வைத்துக்கொள்ளவும் கேட்டிருந்தார்கள். நெடுஞ்சாலைத் துறை அலுவலகம் அனுமதித்தது. நான்காவது நிபந்தனையாக, ‘நிகழ்ச்சி முடிந்ததும் வளைவை அன்றே அகற்ற வேண்டும்’ என்று எழுதியது. அன்று காலையிலேயே காற்றில் வரவேற்பு வளைவு சாய்ந்து விழுந்து, அதன் துணியை யாரோ ஆட்டுப்பட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாயங்காலம் கடிதத்தை எடுத்துப் படித்தபோது, அகற்றுவதற்கு இருந்தது முதலாம் கொண்டை ஊசி வளைவுதான். அதை அகற்றினார்கள். அகற்றியதை யாராவது வைத்துக்கொண்டுதானே ஆக வேண்டும். வென்றவர் வைத்துக்கொண்டார். மறுவருடமும் அதே கடிதம் வந்தது. அலுவலகத்தில் தேதியை மட்டும் மாற்றுவார்கள்.

வளைவை எடுப்பது பெரிய வேலை இல்லை. ஆறு பேர் வந்து தாரின் விளிம்பை நெம்பி, கல்யாண வீட்டு ஜமக்காளத்தைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, லாரியில் ஏற்றிக் கயிறு கட்டுவார்கள். அறுந்த இரண்டு முனைகளும் தாமாகவே நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். வளைவில் இருப்பது வளைவோடு போகும். குட்டிச்சுவர், எதிர்வண்டி பார்க்கும் குவிகண்ணாடி, ‘ஒலி எழுப்பவும்’ பலகை எல்லாம் அப்படித்தான் போயின. ஒன்பதாவது வளைவில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த பழனாத்தாளும் அப்படிப் போனவர்தான். பதினோரு வருடமாக நகரத்தில் ஒரு பங்களாவின் சுற்றுச்சுவருக்குள் ஒன்பதாவது வளைவில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே பலாச்சுளை வாங்க ஆள் இல்லை.

பங்களா தர்ஷனுடையது. இருபத்தொரு வளைவுகளும் அங்கேதான் இருக்கின்றன. முதலில் அவர் அப்பா ஜெயித்தார், பிறகு இவர் ஜெயிக்கிறார். வீட்டிலேயே வளைவு இருப்பதால் பழகிக்கொள்ள வசதி. பழகுவதால் ஜெயிக்கிறார், ஜெயிப்பதால் இன்னொரு வளைவு வருகிறது. மற்றவர்கள் ஒவ்வொரு வருடமும் வந்து தோற்றுவிட்டு, டயர் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். இங்கே கூடத்தையே சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது மட்டும் வித்தியாசம்.

வளைவுகள் போகப் போக சாலை நேராகிவிட்டது. நேரானால் செங்குத்தாகும், அது மலையின் குணம். பதின்மூன்றாவது வளைவு வரைக்கும் முதல் கியரில் ஏற்றிவிடுவேன். பயணிகள் எல்லோரும் முன்பக்கம் வந்து என் முதுகில் சாய்ந்துகொள்வார்கள். அதற்கு மேலே பஸ் ஏறாது. மேல்பாறை ஊர்க்காரர்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து சறுக்கி வருவார்கள். திரும்பிப் போகும்போது கைகளையும் ஊன்றிப் போவார்கள். அவர்கள் அலுவலகத்துக்கு மனு கொடுத்தார்கள். சாலை நேராகிவிட்டதால் தூரம் குறைந்துள்ளது என்று பதில் வந்தது.

பதின்மூன்றாவது வளைவில் என் மனைவி வசந்தாமணி டீக்கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. வளைவு போனால் அவளும் போவாள்.

ராலிக்கு மூன்று நாள் முன்பே தர்ஷன் ஒத்திகை பார்க்க வந்துவிட்டார். கூடவே பிரணவ். கார் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன வளைவு, எவ்வளவு இறுக்கம் என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது பிரணவின் வேலை. முன்பெல்லாம் நாற்பது பக்கம் வரும். இப்போது ஒரே வரி: ‘வலது ஒன்று, இறுக்கம், உள்ளே வெட்டாதே.’ அந்த ஒரு வரியை மூன்று நாள் மனப்பாடம் செய்தார்கள். பிரணவ் நடுவில் ஒருமுறை வரியைத் தவறவிட்டுவிட்டு, பக்கத்தைத் திருப்பித் தேடினார்.

மற்ற கார்ப் பிரியர்களும் வந்து கடை முன்னால் நின்றார்கள். புகைக்குழாய்ச் சத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருவர் குப்புறப் படுத்துத் தாரைத் தடவி, “கிரிப் பிரமாதம்” என்றார். அந்தக் கிரிப்பில் இருபத்தாறு வருடமாக என் டயர் தேய்ந்திருக்கிறது, யாரும் தடவவில்லை. ஒவ்வொரு காரிலும் முந்நூறு குதிரைசக்தி, நானூறு குதிரைசக்தி என்றார்கள். ஒரு குதிரைகூட ஒரு மூட்டை வெங்காயம் இழுத்து நான் பார்த்ததில்லை.

வசந்தாமணி டீ கிளாஸ்களை ஒவ்வொன்றாக வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“சுருட்டறப்போ உடையுமில்லீங்க” என்றாள்.

“கடையை விட்டுட்டு அன்னிக்கு மட்டும் கீழே வந்து உக்காரு வசந்தா.”

“நல்லா இருக்குதே. ராலி அன்னிக்குத்தான் யாவாரமே. கடை போயி நான் மட்டும் இங்க நின்னு என்ன பண்றதுங்க?” பெட்டியை மூடினாள். “ஏனுங்க, அங்கயும் பஸ்ஸு வருமில்ல?” என்றாள்.

“வராது” என்றேன்.

பஸ்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். கடிதம் எழுதும் எழுத்தர் நல்ல மனிதர். நான்காவது நிபந்தனையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

“வாசகத்தை மாத்த முடியாதுங்களே. மேலிடத்துல ஒப்புதல் ஆன வாசகம்” என்றார்.

“பதின்மூணாவது வளைவு வேண்டாம்னாவது போடுங்க சார்.”

“எந்த வளைவுன்னு நாங்க எப்பவுமே போட்டதில்லைங்க. வளைவுன்னுதான் போடுவோம். ஒரு வளைவு போயாகணும், அவ்வளவுதான்.”

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நேராக ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

ராலி நாள் காலையில் அடிவாரத்தில் ஒரு வரவேற்பு வளைவு நின்றது. நானும் கண்டக்டர் பட்டீஸ்வரனும் விடிவதற்குள் சவுக்குக் கட்டைகளை நட்டுக் கட்டியது. சாலையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை, பஸ் நுழையும் உயரம். காற்றுக்கு அசையாமல் இருக்க நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம். நடுவில் பன்னிரண்டு அடிக்குத் தர்ஷனின் முகம். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இரண்டு பக்கமும் பாயும் சிறுத்தைகள். கீழே, ‘வளைவுகளின் வேந்தே, வருக வருக!’ என்ற எழுத்து. இன்னொருவர் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்று பட்டீஸ்வரன் கேட்டார். ஜெயிக்க மாட்டார், அவர் வீட்டில் வளைவு இல்லை என்றேன்.

சாலையை மூடிவிட்டதால் என் பதினொன்றரை மணி நடை அடிவாரத்திலேயே நின்றது. கார்கள் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. நேரான சாலையில் ஏறி, பதின்மூன்றாவது வளைவில் திரும்பி, உடனே நின்றன. அதற்கு மேல் அவையும் ஏறாது. மூன்று நிமிடம் பதினாறு வினாடியில் தர்ஷன் முதலாவது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கார்ப் பிரியர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அழுதார்.

கார்கள் இறங்கி வந்தன. சாலையை மூடியிருந்த மூங்கில் தடுப்பைத் தூக்கியதும், நான் பஸ்ஸை நகர்த்தி வரவேற்பு வளைவுக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏறப்போகும் சாலையில் ஆறு பேர் கடப்பாரையோடு நின்றிருந்தார்கள். விழாக்குழுச் செயலாளர் கடிதத்தை விரித்து நான்காவது நிபந்தனையைப் படித்தார்.

“எந்த வளைவை எடுக்கட்டுங்க?” என்று கடப்பாரைக்காரர்களின் மேஸ்திரி கேட்டார்.

தர்ஷன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடி தர்ஷன் கீழே இருந்த தர்ஷனைப் பார்த்தார். இவரும் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“மேலே ஒண்ணு இருக்குது. இங்க ஒண்ணு இருக்குது” என்றார் மேஸ்திரி.

இவர்களை இருபத்தொரு வருடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாதவன் போலத்தான் உட்கார்ந்திருந்தேன்.

“போட்டோவுல எனக்கு இடது பக்கம்தான் எப்பவுமே நல்லா விழும்” என்று தர்ஷன் பிரணவிடம் சொன்னார். “இதுல சரியா இடது பக்கம் போட்டிருக்காங்க பாரு.” பிறகு மேஸ்திரியிடம், “இதையே எடுத்துக்கலாம்ணா” என்றார்.

வளைவில் இருப்பது வளைவோடு போகும். அது எனக்குத் தெரியாததல்ல. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு நிம்மதியில் கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான். ஆறு பேரும் வளைவை நெம்பிச் சுருட்டி ஏற்றினார்கள். நானும், பஸ்ஸும், பட்டீஸ்வரனும், டிக்கெட் வாங்கிய முப்பத்தெட்டுப் பேரும் அதோடு போனோம். உள்ளே கொஞ்சம் புழுக்கமாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

பங்களா வாசலில் வளைவை நட்டபோது மணி ஒன்றரை. நடை ஏற்கெனவே இரண்டு மணி நேரம் தாமதம். முன்னால் முதலாம் வளைவு இருந்தது. பட்டீஸ்வரன் விசில் கொடுத்தார். நான் வண்டியை எடுத்தேன்.

சுற்றுச்சுவருக்குள் என்றாலும் வளைவு வளைவுதான். திரும்பத் திரும்ப ஏறியது. நான்காவதில் காது அடைத்தது. ஏழாவதில் பனி வந்தது. பின்னால் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. ஒன்பதாவதில் பழனாத்தாள் கூடையோடு கை காட்டினார். நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்து, “பதினோரு வருசமா நிக்கறேன் ஆறுச்சாமி, ஒரு பஸ்ஸு இல்ல” என்றார். மேல்பாறைக்கு டிக்கெட் வாங்கினார்.

அங்கிருந்தே தர்ஷன் காரில் பின்னால் வரத் தொடங்கியிருந்தார். மதியம் அவர் பழகும் நேரம். விடாமல் ஒலி எழுப்பினார். மலைச்சாலையில் ஏறும் பஸ்ஸை முந்தக் கூடாது என்பதால் நான் கவனிக்கவில்லை.

பன்னிரண்டாவது முடிந்து பதினான்காவது வர வேண்டும். நடுவில் பதின்மூன்று அங்கே கிடையாது. கை பழக்கத்தில் வலது பக்கம் ஒடித்துத் திருப்பிவிட்டேன். வசந்தாமணி கடை வாசலில் நின்றாள்.

“பதினொன்றரை நடைக்கு இப்பத்தான் வர்றீங்க” என்றாள்.

“கொஞ்சம் சுத்தி வந்தேன்.”

அவள் பெட்டியைத் திறந்து, வைக்கோலிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துக் கழுவினாள். பயணிகள் இறங்கிக் காலை நீட்டிக்கொண்டார்கள். இந்த நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்பது வழக்கம். தர்ஷன் காரை விட்டு இறங்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி கடைக்கு வந்தார்.

“மேலே போக இன்னும் எத்தனை வளைவுங்கக்கா?”

“ஒம்பதுங்க தம்பி. டிரைவரு டீ குடிச்சு முடிக்கட்டும்.”

நான் ஆற்றி ஆற்றிக் குடித்தேன். முடிந்ததும் இன்னொரு கிளாஸ் கேட்டேன்.