கண் முகாமில் கொடுத்த நம்பர்

சின்ன காஞ்சிபுரத்தில் தையல் கடை வைத்திருந்த ஏஞ்சலுடைய போனுக்கு ஒரு நாளைக்கு முப்பது தேவையில்லாத அழைப்புகளாவது வரும். அதிலும் வாலாஜாபாத் பக்கம் மனை விற்கும் ஒரு கம்பெனி விடாமல் துரத்தியது. ஒரு நம்பரைத் தடுத்தால் இன்னொரு நம்பரிலிருந்து வரும்.

அந்த வியாழக்கிழமை காலை, தெரியாத நம்பர் ஒன்று மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் துண்டித்தாள். பிறகு எரிச்சலில் போனையே அணைத்து வைத்தாள்.

கூப்பிட்டது கண் ஆஸ்பத்திரி என்று சாயங்காலம்தான் தெரிந்தது. அவளுடைய அப்பா அந்தோணிக்குக் கருவிழி மாற்ற ஏழு மாதமாகக் காத்திருந்தார்கள். போனை எடுக்காததால், தானமாக வந்த கண், வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது.

"வுடுமா, வேற யாருக்கோ பார்வ வந்துச்சு இல்ல" என்றார் அந்தோணி. அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கடையைத் திறக்காமல் நேராக அந்த மனை ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார்.

"என் நம்பர உங்களுக்கு யாரு குடுத்தா?"

"ஸ்டாப்னு ஒரு மெசேஜ் போடுங்க மேடம், நின்னுடும்."

"பதினோரு தபா போட்டேன். உங்களால எங்கப்பாவுக்கு வந்த கண்ணு போச்சுயா!"

பக்கத்து மேஜையில் ஒரு பெண் தாள்களைப் பார்த்து ஒவ்வொரு நம்பராக அழைத்துக்கொண்டிருந்தாள். ஏஞ்சல் அந்தத் தாள் கட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். நான்காவது தாளில் அவளுடைய கையெழுத்தே இருந்தது. அந்தோணி, இடது கண், விலாசம், நம்பர். போன வருஷம் இதே கம்பெனி பந்தல் போட்டு நடத்திய இலவசக் கண் முகாமில் அவள் எழுதிக் கொடுத்த படிவம்.

"கண்ணு தெரியாதவங்க கிட்ட நம்பரு வாங்கிக்கினு மனை விக்கிறீங்களா? தூ!"

"குடுத்துட்டுப் போங்க மேடம், அது கம்பெனி பேப்பர்."

"எங்கப்பா பேரு இருக்குது. எப்படி உன் பேப்பரு?"

கட்டோடு வெளியே வந்து அதிலிருந்தவர்களுக்குப் போன் செய்தாள். தெரியாத நம்பர் என்று ஒருவரும் எடுக்கவில்லை. விலாசத்தைப் பார்த்து வீடு வீடாக ஸ்கூட்டரில் போனாள். மாகறலில் லோகாம்பாள் என்பவர் முதலில் புகார் மனுவில் கையெழுத்துப் போட்டார். மூன்று நாளில் பத்தொன்பது பேர் சேர்ந்து போலீசில் புகார் கொடுத்தார்கள்.

விசாரணைக்கு அழைத்ததும் கண்ணாயிரம் மன்னிப்புக் கேட்டார். மனை அழைப்புகள் நின்றன. மற்றவை நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. இப்போதெல்லாம் ஏஞ்சல் எந்த நம்பரையும் எடுக்காமல் விடுவதில்லை. லோன் வேண்டுமா என்று யாராவது ஆரம்பித்தால், தெருவே திரும்பிப் பார்க்கும்படி திட்டிவிட்டுத்தான் வைக்கிறாள்.