மாசிலாமணிக்குப் பதில் இனி இவர்

மாசிலாமணியின் வீடு சித்திரை மாதத்திலிருந்து ஒரு தீம் பார்க் ரைடாக இருந்தது. வளசரவாக்கத்தில் அப்போது பல வீடுகள் அப்படித்தான் இருந்தன.

'நெஞ்சில் ஒரு நிலைப்படி' என்ற டி.வி. தொடரை அந்த வீட்டில்தான் பதினொரு வருடம் எடுத்தார்கள். தொடர் முடிந்ததும் கம்பெனி தெருவையே வளைத்து வேலி போட்டுப் பொழுதுபோக்குப் பூங்கா ஆக்கிவிட்டது. வீட்டை மட்டும் எடுத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. ஒப்பந்தத்தின் நாற்பதாம் பக்கத்தில் 'உள்ளே இருப்பவை உட்பட' என்று இருந்தது. உள்ளே மாசிலாமணியும் அவர் மனைவி சுகிர்தாவும் இருந்தார்கள்.

ஹாலில் தண்டவாளம் போட்டார்கள். எட்டுப் பேர் உட்காரும் குட்டி வண்டி வாசல் வழியாக நுழைந்து, பூஜை அறையைச் சுற்றி, சமையலறையைத் தொட்டு, கொல்லைப்புறமாக வெளியே போகும். 'அறுநூற்றுப் பதினொன்றாம் எபிசோடில் பாயசத்தில் விஷம் கலந்த இடம்' என்று அடுப்புக்கு மேல் பலகை வைத்தார்கள். அந்த அடுப்பில்தான் மாசிலாமணிக்கு வெந்நீர் காய்ந்தது.

தொடரில் மருமகள் சமையலறையிலிருந்து ஹாலுக்கு வர ஒரு வாரம் ஆகும். ரசிகர்கள் ஏமாறக் கூடாதென்று கம்பெனி இடையிலிருந்த நடைவழியை அதே அளவுக்கு நீட்டியது. சுகிர்தா திங்கட்கிழமை காபியோடு கிளம்பினால் வெள்ளிக்கிழமை வந்து சேருவாள். சூடு மட்டும் குறையாது. வண்டிக்கு அதே தூரம் இரண்டு நிமிடம்தான்.

மாசிலாமணிக்கு இதில் குறையொன்றும் இல்லை. அவர் ஹாலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். வண்டி வரும்போது பேப்பரைத் தாழ்த்தி, இடிச் சத்தத்துக்கு ஏற்ப மூன்று தடவை அதிர்ச்சியோடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முகத்துக்கு நேரே, காற்றில், எழுத்து ஓடியது. 'மாசிலாமணிக்குப் பதில் இனி இவர்.' தொடரில் நடிகர் மாறினால் போடுவார்களே, அதே எழுத்து.

எழுத்து மறைந்ததும் வாசலில் ஒரு ஆள் நின்றார். மாசிலாமணியைவிட அரை அடி உயரம். நல்ல முடி. நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார்.

"சார், அது என் சேர்."

"தெரியும். ஒரு கால் ஆடுது."

"நான்தான் மாசிலாமணி."

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க," என்றார் அவர். "நான் இன்னும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்னு இருக்கேன்."

வண்டி வந்தது. புது ஆள் மூன்று தடவை திரும்பினார். மூன்றாவது திரும்பலில் அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. வண்டியே எழுந்து நின்று கை தட்டியது. மாசிலாமணிக்கு யாரும் அதுவரை கை தட்டியதில்லை. வாட்ச்மேன் வந்து அவரைப் பல்குச்சியும் பனியனுமாக வெளியே கொண்டுவந்து விட்டார்.

பூங்காவின் மூலையில் கண்டினியூட்டி ஆபீஸ் இருந்தது. எந்தக் காட்சியில் யார் என்ன சட்டை போட்டிருந்தார் என்று பார்க்கிற ஆபீஸ். அதிகாரி புஷ்பநாதன் தலை நிமிராமல் கேட்டார்.

"எந்த எபிசோட்ல பொறந்தீங்க?"

"எழும்பூர் ஆஸ்பத்திரில சார்."

"அது கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. செல்லாது. நேத்து என்ன சட்டை?"

"நீலக் கட்டம்."

"இன்னைக்கு?"

"பனியன் சார். பல் தேய்ச்சிட்டு இருந்தேன்."

"பாத்தீங்களா. நேத்து இருந்த ஆளே இல்ல நீங்க."

"சார், அது என் வீடு. என் பொண்டாட்டி உள்ள இருக்கா. எனக்கு வேற போக்கிடம் கிடையாது சார்."

அதிகாரி இரக்கப்பட்டு ஒரு படிவம் கொடுத்தார். 'இவர் இல்லாததை நான் உணர்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"அஞ்சு மணிக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா ஹால்ல உங்க படத்தை மாட்டி மாலை போட்டுடுவோம்."

படம் மேஜையின் மேல் தயாராக இருந்தது. நல்ல படம். ஆதார் அட்டையில்கூட அவருக்கு முகம் அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை.

மாசிலாமணி தன் வீட்டுக்கு வரிசையில் நின்றார். வண்டியில் அருப்புக்கோட்டைக் குடும்பம் ஒன்றோடு இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்த அம்மாள் ஹாலைக் காட்டினாள்.

"அந்தாளப் பாருங்கண்ணே. பேப்பர் படிக்கிறதுலயே என்ன ஒரு பாசம்!"

சமையலறையில் வண்டி மெதுவாகும்போது அவர் குதித்தார். மனைவி பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"சுகிர்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. அவசரம்."

அவள் படிவத்தை இரண்டு பக்கமும் படித்தாள்.

"போடலாம். ஆனா நான் குடும்பத்து ஆள் இல்லீங்களே."

"என்னடி சொல்றே?"

"நான் கோமளா. உங்க சம்சாரத்துக்குப் பதிலா வந்தவ. ஆறு மாசம் ஆச்சு."

மாசிலாமணி அவளைப் பார்த்தார். சுகிர்தாவுக்கு நீள முகம். இது வட்ட முகம். கண்ணாடி வேறு போட்டிருந்தாள்.

"எழுத்து ஓடியிருக்குமே?"

"ஓடிச்சு. நீங்க பேப்பருக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க."

"நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எங்க கேட்டீங்க? ஒரு தடவை காபி நல்லா இருக்குன்னு சொன்னீங்க. சரி, ஏத்துக்கிட்டார்னு இருந்துட்டேன்." அவள் பாலை இறக்கினாள். "அவங்க சிக்கரியே போட மாட்டாங்களாமே?"

அவருக்குத் தெரியவில்லை.

"அவ இப்ப எங்க?"

"எதிர்வீடு. பேய்ப் பட ரைடு. அஞ்சாம் பாகத்துலேருந்து அவங்கதான்."

மாசிலாமணி படிவத்தை மடித்துப் பனியனுக்குள் செருகிக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிர்வீட்டு வரிசை நீளமாக இருந்தது. அவர் முறை வந்தபோது மணி நாலரை.

வண்டி இருட்டுக்குள் நுழைந்தது. கூரையிலிருந்து பேய் கயிற்றில் தலைகீழாக இறங்கியது. வெள்ளைப் புடவை, தரையைக் கூட்டும் முடி. நீள முகம். எல்லோரும் அலறினார்கள்.

"சுகிர்தா," என்றார் மாசிலாமணி.

"பயப்படுங்க," என்றாள் அவள் மெல்ல. "சூப்பர்வைசர் பாக்கறார்."

"வீட்டுக்கு வா."

"எதுக்கு?"

அவர் பதில் யோசிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வெளியே வந்து மறுபடி வரிசையில் நின்றார்.

"நீ இல்லாம அது வீடாவே இல்ல," என்றார் இரண்டாவது சுற்றில்.

"ஆறு மாசம் இருந்துதே."

மூன்றாவது சுற்றுக்கு நிற்கும்போது மணி ஐந்து அடித்தது. எதிரே அவர் வீட்டு ஹாலில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் சம்பங்கி மாலையோடு உள்ளே போனார். வரிசை ஓரடி நகர்ந்தது. மாசிலாமணியும் நகர்ந்தார்.

"உனக்கு அங்க என்ன கொறச்சல்?" என்று மூன்றாவது சுற்றில் கேட்டார்.

"இங்க ஒரு நாளைக்கு எண்ணூறு பேர் வர்றாங்க," என்றாள் சுகிர்தா, ஊசலாடிக்கொண்டே. "எண்ணூறு பேரும் என் முகத்தைத்தான் பாக்கறாங்க."

நான்காவது சுற்றில் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுடைய இடது புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. பழைய தழும்பு. கல்யாணத்துக்கு முன்பே இருந்திருக்கும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிறு மேலே போக வேண்டிய நேரத்தில் போகவில்லை. சுகிர்தா தலைகீழாக, அவர் மூக்குக்கு நேரே தொங்கினாள். பிறகு வாயை அகலத் திறந்து, வீடே அதிரும்படி பேய்க் குரலில் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களாஆஆ?"

வண்டியில் இருந்த மற்ற ஏழு பேரும் அலறினார்கள்.

"இன்னும் இல்ல," என்றார் மாசிலாமணி. பிறகு சூப்பர்வைசரைக் கவனித்து, கொஞ்சம் தாமதமாக, அவரும் அலறினார்.