மொட்டை மாடிப் புறாக்கள்

நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். புருஷனை விட்டு ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றபோதும் அண்ணன், "பாப்பா வந்துட்டா" என்றுதான் உள்ளே பார்த்துச் சொன்னான். அண்ணி தலை நிமிரவில்லை. மேஜையில் படம் அச்சடிக்கும் லினோ தகட்டைப் போட்டு, உளியால் ஒரு மீன்கொத்தியின் இறக்கையைச் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்து தின்கிறாள் என்ற பேச்சு வந்துவிடக்கூடாதே என்று பாப்பா அச்சு வேலையைக் கற்றுக்கொண்டாள். தகட்டில் உருளையால் கறுப்பு மையைப் பரப்பி, காகிதத்தைப் படியவைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து எடுக்கவேண்டும். அண்ணிக்குச் செதுக்கத்தான் கை வரும். தேய்க்கப் பொறுமை கிடையாது. பாப்பா எடுத்த பிரதியில் ஒரு திட்டு இருக்காது. "உன் கை மிஷின்டி" என்பாள் அண்ணி. அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

பறவைகள், கதைகள், அக்கம்பக்கத்து நடப்பு, இவைதான் அண்ணியின் படங்கள். மேல்வீட்டு வக்கீலைக் கொக்காக்கியிருந்தாள். அவரே சிரித்துக்கொண்டு வந்து ஒன்று வாங்கிப் போனார். அதனால் வேலை நேரத்தில் அண்ணி கதை கேட்பாள். ஒரு மத்தியானம், தேய்த்த மயக்கத்தில், யாரிடமும் சொல்லாததைப் பாப்பா சொல்லிவிட்டாள். புருஷன் அவளை மொட்டை மாடியில் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வெளியூர் போனான். மறுநாள் பசி தாங்காமல், யாரோ புறாக்களுக்கு இறைத்திருந்த சோளத்தை மண்டிபோட்டுப் பொறுக்கித் தின்றாள்.

"புறா பறந்துபோகலையா?" என்று கேட்டாள் அண்ணி.

"இல்ல அண்ணி. பக்கத்துலயே நின்னு தின்னுச்சு. ஒண்ணு என் கையைக் கூடக் கொத்துச்சு."

"என்ன போட்டிருந்தே?"

"நைட்டி."

"முடி?"

"அவிழ்ந்துதான் கிடந்துச்சு."

இத்தனை அக்கறையாக அவளை யாரும் கேட்டதில்லை. நெஞ்சு லேசானது. மரியாதைக்காக ஒன்றை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

தன் படங்களின் கண்காட்சிக்கு முன்னால் அண்ணி ஒரு புதுத் தகட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு செதுக்கியது. மை படாத தகட்டில் கோடுகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பாப்பா வழக்கம்போல மை தடவி, தேய்த்து, காகிதத்தை மூலையிலிருந்து உரித்தாள். நைட்டி போட்ட பெண் ஒருத்தி புறாக்களுக்கு நடுவே நாலு காலில் நின்று தரையில் வாய் வைத்திருந்தாள். மோவாயில் மச்சம்கூட விட்டுப்போகவில்லை.

"அண்ணி, இது நான்."

"முதுகுப் பக்கம் வெளுத்திருக்கு பாரு. இன்னும் அழுத்தித் தேய்."

"இது வேண்டாம் அண்ணி."

"நீயாத்தானே சொன்னே? நான் என்ன பிடுங்கினேனா?" அண்ணி காகிதத்தை வாங்கிக் கயிற்றில் மாட்டினாள். "மீதியையும் எடுத்துடு. காயணும்."

போக வேறு இடமில்லை. எடுத்தாள். ஒன்றில்கூடத் திட்டு விழவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

கண்காட்சியில் அந்தப் படத்தை வாசலுக்கு நேராக மாட்டியிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் படத்தையும் பாப்பாவின் மச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிநேகிதியை இழுத்துவந்து காதில் ஏதோ சொன்னாள். சிநேகிதி அருகில் வந்து, "பச்சையாவேவா சாப்பிட்டீங்க?" என்று விசாரித்தாள்.

"ஆமா" என்றாள் பாப்பா.

அண்ணன் அப்போதுதான் படத்தைப் பார்த்தான், கீழே ஒட்டியிருந்த கதைக் குறிப்பையும் படித்தான். தங்கையை ஓரமாக அழைத்துப் போனான். "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக்கூடாதா பாப்பா?"

"பண்ணினேன். நீ குளிச்சிட்டிருந்தே. அண்ணிதான் எடுத்தாங்க. மாடியில பூட்டி வெச்சிருக்கார், சார்ஜ் தீரப்போகுது, அண்ணன்கிட்ட சொல்லுங்கன்னேன்."

பின்னாலேயே அண்ணி நின்றிருந்தாள். "நான்தான் சொல்லலை" என்றாள் நிதானமாக. "சொல்லியிருந்தா அன்னிக்கே கூட்டிட்டு வந்திருப்பீங்க. எப்படியும் ஒருநாள் இங்கதான் வரப்போறா. கொஞ்சம் தள்ளிப்போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

பாப்பா அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஆளுங்க பாக்கறாங்க. வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்றான். வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று படுத்துக்கொண்டான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சலவைக் கடையில் இஸ்திரி போட ஆள் கேட்டிருந்தார்கள். கடைக்குப் பின்னால் தங்க ஓர் அறையும் உண்டு. பாப்பா பெட்டியைக் கட்டினாள். வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது மேஜையிலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் அப்படியே இரு."

காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம். பாப்பா குனிந்தபடியே நின்றாள். கழுத்து வலித்தது. அண்ணன் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"போதும், போ" என்றாள் அண்ணி.

"பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா?" என்று அண்ணன் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"இருக்கு" என்றாள் பாப்பா. படியிறங்கித் தெருமுனை திரும்பிய பிறகுதான், அண்ணி 'இரு' என்றதும் தான் அசையாமல் நின்றுகொடுத்தது அவளுக்கு உறைத்தது.