நீலம் பாய்ந்த ஜன்னல்

2005ஆம் ஆண்டு சித்திரையில், மரக்காணம் உப்பளத்து அலுவலகத்தில் ஒரு ஜன்னலுக்குத் திறப்பு விழா நடந்தது.

ஜன்னல் தெய்வநாயகியுடையது. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த அவள், கண்ணாடியில் ஒரு கரைசலைப் பூசி, உலையில் சுடாமல் புற ஊதா விளக்கின் ஒளியிலேயே அதை மெல்லிய படலமாக இறுகவைத்திருந்தாள். வெயில் பட்டால் கண்ணாடி தானாகவே நீலமாக இருளும். அறையில் சூடு குறையும். நான்கு வருட உழைப்பு. வெயிலுக்குப் பஞ்சமில்லாத இடமென்றுதான் உப்பளத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

விழாவன்று காலையில் வந்தவளுக்குப் பகீரென்றது. மேலதிகாரி வருகிறாரென்று மேலாளர் காசிலிங்கம் ஜன்னலையும் சேர்த்து மறைத்துப் பெரிய பந்தல் போட்டிருந்தார்.

"சார், நிழல்ல எப்படிங்க இருளும்? பந்தலைப் பிரிக்கச் சொல்லுங்க."

"ஐயா மேல வெயில் பட்டா என் வேலை போயிடும்மா. ஜன்னலுக்கு என்ன, நாளைக்குக்கூட இருண்டுக்கலாம்."

அதிகாரி வந்தார். உள்ளே உட்கார்ந்து இளநீர் குடித்தார். கண்ணாடி தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது.

"அடேயப்பா, என்னா ஜில்லுனு இருக்குது! கண்ணாடி பிரமாதமா வேலை செய்யுது!"

"இன்னும் வேலையே செய்யலைங்க" என்று தெய்வநாயகி சொன்னது கைதட்டலில் அமுங்கிப்போயிற்று.

அவள் வெளியே ஓடிப் பந்தல் கயிற்றோடு மல்லுக்கட்டினாள். கூட்டம் காட்டுவதற்காக வரவழைக்கப்பட்டிருந்த உப்பளத் தொழிலாளி பாஞ்சாலை அதைப் பார்த்தாள். "தள்ளும்மா" என்று ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்தாள். துணி சரிந்தது. சில நிமிடங்களில் கண்ணாடி நீலம் பாய்ந்து இருண்டது. தெய்வநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே அதிகாரி துள்ளி எழுந்தார். "என்னய்யா இது? நல்லா இருந்த கண்ணாடி கெட்டுப்போச்சே! போட்டோவுல என் மூஞ்சி தெரியுமா?"

அடுத்த வாரம் கடிதம் வந்தது: 'நிழலில் சிறப்பாக இயங்கிய கண்ணாடி, வெயில் பட்டதும் பழுதடைந்தது. உடனே அகற்றவும்.'

கழற்றிக்கொண்டு போக வந்தவளைப் பாஞ்சாலை மறித்தாள். "உப்பு மேல வெயிலடிச்சு கண்ணு எரியுதும்மா. எங்க கொட்டாயில மாட்டிட்டுப் போயேன்."

தொழிலாளர்கள் சாப்பிட ஒதுங்கும் கீற்றுக் கொட்டகையின் மேற்குப் பக்கத்தில் இருவரும் அதைக் கட்டினார்கள். பிற்பகலில் பெண்கள் வந்து, கண்களைச் சுருக்காமல் பாத்திகளைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். யாரோ தூக்கு மூடியில் கூழ் ஊற்றித் தெய்வநாயகியிடம் நீட்டினார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் உட்கார்ந்தாள்.