வெறும் தோல்

நூற்றுப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அரைத்துப் பரப்பிய ஆரஞ்சுத் தோல் தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது. அதில் விதைத்த வெள்ளைப் பூஞ்சை இரண்டாம் நாளே பஞ்சு மாதிரி படர்ந்து துணுக்குகளைப் பிணைத்திருக்க வேண்டும். அதை அழுத்திக் காயவைத்தால் அட்டை. அட்டை பெட்டியாகி, தோல் வந்த பழச்சாறு ஆலைக்கே திரும்பும். மூன்று ஊர் ஆய்வகங்கள் அந்த ஆலையோடு கைகோத்தது இதற்காகத்தான்.

அவள் மறுபடி மூடியைத் திறந்தாள்.

"இப்படிப் பார்த்துட்டே இருந்தா வெட்கத்துல வளராம போயிடும்டி," என்றாள் கூட வேலை பார்க்கும் அக்கா.

சிரிப்பு வரவில்லை. இது நான்காவது தட்டு.

"கூட்டத்துல போன மாசப் படத்தையே காட்டிடு. மத்த ரெண்டு ஊர்லயும் ஜோரா வளருது. நாம மட்டும் மூக்கறுபடணுமா?"

"ஆலைக்காரர் இன்னிக்கு அட்டை அழுத்தற மிஷினுக்கு ஆர்டர் குடுக்கப் போறாரேக்கா."

"குடுக்கட்டுமே. அதுக்குள்ள நம்மளுது சரியாயிடும்."

ஆகாவிட்டால்? மிஷின் சும்மா நிற்கும், தோல் பழையபடி குப்பைமேட்டுக்குப் போகும். அந்த மனிதர் இனி எந்த ஆய்வகத்தையும் வாசற்படி மிதிக்க விடமாட்டார்.

கூட்டம் தொடங்கியது. கணினித் திரையில் நான்கு கட்டங்கள்: மூன்று ஆய்வகங்கள், நான்காவதில் ஆலைக்காரர். இரண்டாவது ஊர் தாடிக்காரர் காட்டிய படம் வெள்ளை வெளேரென்றிருந்தது. மூன்றாவது ஊர் அம்மாளுடையதும் அப்படியே. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கூட்டங்களில் வாய் திறப்பதே அபூர்வம். இன்று படத்தை விட்டுவிட்டுத் தட்டையே தூக்கிக் கேமராமுன் பிடித்தாள்.

"இது இன்னிக்குத் தட்டு. நாலு தடவை போட்டாச்சு. எங்களுக்கு வளரல."

அக்கா மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். தாடிக்காரர் எழுந்து போனார், ஒரு தட்டோடு வந்தார். வெறும் தோல்.

"நான் காட்டினது பழைய படம்."

"அட ராமா!" என்றாள் அம்மாள். "உங்க ரெண்டு பேருக்கும் வளருதேன்னு நான் வாயை மூடிட்டு இருந்தேன்!"

மூன்று ஊருக்கும் பொதுவானது ஒன்றுதான்: ஆலையிலிருந்து வரும் தோல். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் நான்காவது கட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"ஐயா, பழத்துல ஏதாவது மாத்தினீங்களா?"

ஆலைக்காரர் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். விளக்கொளியில் அது கண்ணாடிபோல் மின்னியது.

"தோலே வேணாம்னுடுவீங்களோன்னு சொல்லலம்மா," என்றார். "இந்த மாசத்துலேர்ந்து, பூசணம் பிடிக்காம இருக்க மருந்து மெழுகு பூசின பழம்தான் வாங்கறேன்."