பூஜைக்கு நிறுத்திய மூச்சு

டாக்டர் பவானேஸ்வரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மலாக்காவில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும். அந்தக் கோபத்தை வைத்துத்தான் அவர் காரியமும் சாதித்தார். சொந்தமாக மூச்சு விட முடியாமல் வார்டிலேயே காலம் தள்ளுகிறவர்களைச் சுவாச இயந்திரத்தோடு வீட்டுக்கே அனுப்பலாம், குடும்பத்தாருக்குப் பழக்கிவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் சொன்னபோது மேலிடத்தில் சிரித்தார்கள். தோட்டத்து வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டார்கள். மல்லுக்கு நின்று அனுமதி வாங்கினார் பவானேஸ்வரி.

அப்படி முதலில் வீட்டுக்குப் போனவன் கோகுலராஜ். ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்காரன், லோரி ஓட்டியவன். தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கும் நோய் காலில் ஆரம்பித்து நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. இரவு முழுக்கவும் பகலில் பெரும்பகுதியும் முகமூடி வழியாக இயந்திரம் காற்றைத் தள்ளினால்தான் ஆள் தெளிவாக இருப்பான். வார்டை விட்டுக் கிளம்பிய அன்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "திரும்ப இங்க மட்டும் கொண்டாந்துடாதீங்க டாக்டர்." அடுத்த வாரம் மேலிடத்தில் கூட்டம். அவன் வீட்டில் நல்லபடியாக இருந்தால் திட்டம் தொடரும். இல்லையென்றால் அவனுக்கும் அவனுக்குப் பின்னால் காத்திருப்பவர்களுக்கும் வார்டுக் கட்டில்தான்.

வீட்டு இயந்திரங்கள் ஓடுகிற விவரம் டாக்டரின் கணினிக்கு வந்துகொண்டே இருக்கும். அன்று காலை பார்த்தால் கோகுலின் இயந்திரம் விடியற்காலையிலிருந்து ஓடவே இல்லை. போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். ஆயர் குரோ சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்ற நேரத்தில், வரக்கூடாத எண்ணமெல்லாம் அவர் மனதில் வந்து போனது.

வாசலிலேயே சாம்பிராணி வாசனை. கூடத்துச் சாமிப் படங்களுக்கு முன்னால் புல்வெட்டும் மிஷின், தையல் மிஷின், அரிவாள் எல்லாம் வரிசையாக இருந்தன. நட்டநடுவே, சிவப்புத் துணி விரித்து, சந்தனமும் குங்குமமும் அப்பி, கழுத்து நிறைய மாலையோடு கல்யாண மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தது சுவாச இயந்திரம்.

ஆயுத பூஜை! டாக்டருக்கு அப்போதுதான் நாளே ஞாபகம் வந்தது.

பக்கத்து நாற்காலியில் கோகுல் தலை தொங்கிக் கிடந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டான். உடம்பில் கரியமில வாயு ஏறுகிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"மெஷின் சுவிட்ச யாரு அடைச்சது?" வீடே அதிர்ந்தது.

கோகுலின் அம்மா இருசம்மாள் விபூதித் தட்டோடு அப்படியே நின்றாள். "இன்னிக்கு ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கணும் லா, டாக்டரம்மா. லோரி ஓட்டுன காலத்துல கூட இன்னிக்கு அவன் வண்டிய தொடமாட்டான். பகல்லதான் கொஞ்ச நேரம் கழட்டி இருப்பானே, சாயங்காலம் வரைக்கும் தாங்குவான்னு நெனச்சோம். காலையில நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தான். இப்பதான் தூக்கம் வருதுன்னான்."

டாக்டர் இயந்திரத்திடம் ஓடினார். மாலையைப் பிடுங்கிப் போட்டார். காற்று போகும் வடிகட்டியில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அதை மாற்றினார், இயந்திரத்தை ஓடவிட்டார், முகமூடியை மாட்டினார், வாயுவை அளக்கும் கருவியை அவன் தோலில் ஒட்டினார். ஆம்புலன்சைக் கூப்பிடக் கைப்பேசியையும் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கண் திறந்த கோகுல், கைப்பேசியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று கெஞ்சுகிற ஆட்டல்.

டாக்டர் கருவியைப் பார்த்தார். எண் இறங்கத் தொடங்கியிருந்தது. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எண் இன்னும் இறங்கியது, அவன் முகமும் தெளிந்தது. அதன் பிறகே அவர் கோபம் வெளியே வந்தது. கோகுலின் மனைவி தேவிஸ்ரீ எதிரே வந்தாள், அகப்பட்டுக்கொண்டாள்.

"எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்? நீதானே தேவி எல்லாத்தையும் கரெக்டா செஞ்சு காட்டுன?"

தேவிஸ்ரீ அழுதாள். முகமூடிக்குள்ளிருந்து கோகுல்தான் பேசினான். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி.

"அவங்கள... திட்டாதீங்க. நான்தான்... அடைக்கச் சொன்னேன். எல்லாரும்... அவங்கவங்க ஆயுதத்த... வச்சாங்க. எனக்கு... வேற என்ன... இருக்கு?"

பவானேஸ்வரியின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. கரண்டு போனால் என்ன செய்வது, குழாய் கழன்றால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், வருஷத்தில் எந்த நாளில் இதை நிறுத்த நினைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"வார்டுக்கா... டாக்டர்?" என்றான் கோகுல்.

"வார்டா? அதுக்கா நான் இவ்ளோ சண்ட போட்டேன்? கூட்டத்துல நடந்தத அப்படியே சொல்லுவேன். கேக்காம விட்டது எங்க தப்புன்னும் சொல்லுவேன். அதுக்கு மேல யாரு வாயத் தொறக்குறாங்கன்னு பாக்குறேன்." கிட்டே போய் உட்கார்ந்தார். "தம்பி, இது உங்க ஆயுதம் இல்ல. இது உங்க மூச்சு. இதுக்கு லீவு கெடையாது. ஆயுதம் வேணும்னா வேற பாக்கலாம்."

"அதான் பாத்தோமே டாக்டர்," என்றாள் தேவிஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவரு வேல பாத்த லோரி கம்பெனி மொதலாளி, அந்த தவ்கே, டிரைவருங்களுக்குப் போன்ல வழி சொல்ற வேலை தரேன்னாரு. ரெண்டு வார்த்தைக்கே மூச்சு நிக்குதுன்னு இவருதான் மாட்டேன்னுட்டாரு."

டாக்டர் சட்டென்று எழுந்தார். "இத முன்னாலயே ஏன் சொல்லல?"

அடுத்த வாரம் அவனுக்குப் பழக்குவதற்கென்று வைத்திருந்த சாமான் காரிலேயே இருந்தது. வளைந்த ஒரு பிடியும், அதன் முனையில் ஸ்ட்ரா போன்ற குழலும். அதை இயந்திரத்தோடு இணைத்து அவன் வாயருகே நிறுத்தினார். பகலில் முகமூடி வேண்டாம், காற்று வேண்டும்போது உதட்டால் கவ்வி ஒரு வாய் இழுத்துக்கொண்டால் போதும், முகத்தை எதுவும் மூடாது, நெஞ்சில் இருக்கிற காற்றை வைத்துத் தாராளமாகப் பேசலாம் என்றார். முதல் தடவை அவனுக்குப் புரையேறியது. இரண்டாம் தடவை காற்றெல்லாம் மூக்கு வழியே போய் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் விடவில்லை. இயந்திரத்தைத் திருகித் திருகிச் சரிசெய்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் அவனுக்குச் சூட்சுமம் பிடிபட்டது.

"யாருகிட்ட பேசணும்?" என்று கேட்டார்.

"திவாகர்," என்றான். அவனோடு லோரியில் ஓடியவன், தம்பி மாதிரி. தேவிஸ்ரீ டாக்டரின் கைப்பேசியில் எண்ணை அழுத்தி அவன் காதோரம் பிடித்தாள்.

"யாருங்க பேசுறது?" என்றது மறுமுனை.

கோகுல் குழலைக் கவ்வினான், நெஞ்சு நிறைய இழுத்தான், விட்டான்.

"யாரா? ஒனக்கு கியர் போடச் சொல்லிக் குடுத்தவன்டா! பூஜை போட்ட சாக்குல நாளைக்கு லேட்டா வந்து நிக்காத, விடியறதுக்கு முன்னாடி வண்டிய எடுத்து எப்பவும் போற டுரியான் துங்கால் ஊரு லோட மொதல்ல எறக்கிட்டு எனக்குப் போன் போடு!"

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். இருசம்மாள் சாமிப் படங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் பவானேஸ்வரி தன் கண்ணைத் துடைக்கவும் மறந்து நின்றார். மறுமுனையில் உடைந்த குரலில் திவாகர் கேட்டான்.

"அண்ணே... இன்னொரு தடவ பேசுண்ணே."